பகலிலும் ஹெட்லைட்: நெல்லைச் சீமையில் பைக் ஓட்டுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2017-ல் புது பைக் எடுத்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வண்ணார்பேட்டையில் கிளம்பி ஜங்ஷன் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது விரல்களைக் குவித்து விரித்துக் காட்டுவார்கள். "அண்ணாச்சி, லைட்டு எரியுது!" என்று பஸ் ஜன்னலிலிருந்துகூடக் குரல் வரும். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர், "பேட்டரி இறங்கிரும், அணைச்சிருங்க" என்று அக்கறையோடு சொல்வார். அணைப்பதற்கு அந்த வண்டியில் சுவிட்சே கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்பது விதியானது.

இப்போது யாரும் கை காட்டுவதில்லை, பழகிவிட்டது. ஆனால் அந்த லைட் எதற்கு எரிகிறது, எப்போது வேலை செய்கிறது, எப்போது கைவிடுகிறது என்பது பலருக்கும் தெரியாமலே போய்விட்டது. 2017-க்கு முந்தைய வண்டிகளும் நம் ரோடுகளில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் பகலில் லைட் போடுவது ஓட்டுபவர் கையில்தான் இருக்கிறது. பழைய வண்டி, புது வண்டி, மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

எனக்கு இது உறைத்தது முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு காலை நேரத்தில். விதைக்கடைகளுக்கு ஆர்டர் எடுக்கும் வேலை. தினமும் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பை என்று போய் வருவேன். வண்டி 2009 மாடல். காலை 7 மணி இருக்கும். சூரியன் முதுகில் இதமாக அடித்தது; இரண்டு பக்கமும் நெல் வயல். எதிரே ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஓட்டுநரின் முகம் என் பக்கமே இருந்ததால் என்னைப் பார்த்துவிட்டார் என்று நம்பினேன். நாற்பதடி இருக்கும்போது அவர் சட்டென்று வலது பக்க வயல் ரோட்டுக்குள் திருப்பினார். பிரேக் பிடித்தேன், பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய் வண்டியோடு விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, தோள்பட்டை இரண்டு மாதம் வலித்தது. அந்த மனிதர் ஓடி வந்து தூக்கிவிட்டு, கை நடுங்க, "சத்தியமா நீங்க வந்தது தெரியல அண்ணாச்சி" என்றார். அன்று அதை நான் நம்பவில்லை.

சில வாரம் கழித்து, அதே இடத்தில், அதே நேரத்தில், உறவினர் ஒருவரின் காரில் எதிர்த் திசையில் வந்தேன். கண்ணாடி முழுக்க வெயில். எதிரே வந்த பைக்குகள் கரிக்கோடு மாதிரி தெரிந்தன. சிலது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு வண்டி மட்டும் தூரத்து வாய்க்கால் பாலத்திலேயே கண்ணில் பட்டது. அதில் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

முதலில், ஏன் நம்மைத் தெரிவதில்லை?

நேர் எதிரே இருந்து பார்த்தால் ஒரு லாரி சுமார் இரண்டரை மீட்டர் அகலம். ஹேண்டில்பாரோடு சேர்த்தும் பைக் ஒரு மீட்டர்கூட இல்லை. கார், பஸ் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண் இருக்கிறதே, தூரத்தில் வரும் பைக் முழுசாக அதற்குப் பின்னால் மறைந்துவிடும். ஓட்டுநர் தலையை அசைக்காமல் திருப்பினால் நாம் அவர் கண்ணுக்கு வரவே மாட்டோம்.

அடுத்தது வேகக் கணக்கு. பெரிய பொருள் நெருங்கும்போது அது பெரிதாகிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். சின்னப் பொருள் கடைசி நொடி வரை சின்னதாகவே தெரிந்து திடீரென்று பெரிதாகும். அதனால்தான் பைக்கைப் பார்த்த பிறகும், "இன்னும் தூரத்தில்தான் வருகிறான்" என்று நினைத்துத் திருப்பிவிடுகிறார்கள். இந்தத் தப்புக்கணக்கும் பலமுறை மோசமாக முடிகிறது.

மூன்றாவது, பின்னணி. மேலப்பாளையம், பேட்டை மாதிரி கடைத்தெருவில் போர்டு, பிளக்ஸ், ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் நமக்குப் பின்னால் நிற்கும். மரத்தடி ரோட்டில் வெயிலும் நிழலும் திட்டுத்திட்டாகக் கிடக்கும். கறுப்பு வண்டியில் கறுப்புச் சட்டையோடு வருபவர் அதற்குள் கரைந்துபோவார். லைட் ஒன்றுதான் அந்தக் கலவையிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கை, மற்ற வாகனத்தோடு மோதிய விபத்துகளில் பெரும்பாலானவற்றில் எதிர் ஓட்டுநர் பைக்குக்கு வழிவிடாததே காரணம் என்றது. பகலில் ஹெட்லைட் போடுவது ஆபத்தைக் குறைக்கும் என்றும் சொன்னது. மலேசியா 1992-ல் பகலிலும் லைட் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அதன் பிறகு அங்கே நடந்த ஆய்வில், கண்ணில் படாததால் நடக்கும் பைக் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. மலேசியாவும் நம்மைப்போல வெயில் அடிக்கும் ஊர், சின்ன பைக்குகள் ஓடும் ஊர். அதனால் அந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். சிங்கப்பூரிலும் 1995 முதல் இதே விதி.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள்.

உங்கள் நிழல் எங்கே விழுகிறது?

ஒரே ஒரு பழக்கம்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: வண்டி ஓட்டும்போது உங்கள் நிழலைப் பாருங்கள்.

நிழல் நீளமாக உங்களுக்கு முன்னால் விழுந்தால் சூரியன் உங்கள் முதுகில் இருக்கிறது. உங்களுக்குக் கண் கூசாது. ரோடு பளிச்சென்று தெரியும். பயணம் சுகமாக இருக்கும். எதிரே வருபவருக்கோ அதே சூரியன் நேராகக் கண்ணில். உங்களுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிற அந்த நேரத்தில்தான் உங்களை யாருக்கும் தெரியாது. நான் விழுந்த அன்று என் நிழல் வண்டிக்கு முன்னால் பதினைந்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துப் பெரிய ரோடுகளில் பல கிழக்கு மேற்காக ஓடுகின்றன. மேற்கே ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசி. சேரன்மகாதேவி வழியாக அம்பை, பாபநாசம். கிழக்கே வாகைக்குளம் வழியாகத் தூத்துக்குடி. நெல்லையில் குடியிருந்து தென்காசிக்கோ அம்பைக்கோ வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். காலையில் மேற்கே போகும்போது சூரியன் முதுகில். மாலையில் கிழக்கே திரும்பும்போதும் முதுகில். இரண்டு நேரமும் நிழல் முன்னால்தான். தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்குத் தினமும் வந்து போகிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் ஒருநாள்கூட லைட் இல்லாமல் போகக் கூடாது என்று வீட்டில் உள்ளவர்கள் சத்தியம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்த் திசைக்காரர்களுக்கு, அதாவது அம்பையிலிருந்து நெல்லைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு, இரண்டு நேரமும் கண் கூசும். முன்னால் நிற்கும் மாட்டைக்கூடப் பார்க்க முடியாத வெயில் அது. ஆனால் எதிரே வருபவருக்கு அவர்கள் மேல் வெளிச்சம் விழுந்து நன்றாகத் தெரியும். அவர்களுக்கு ஆபத்து பின்னாலிருந்து வரும்: பின்னால் வரும் லாரிக்காரருக்கும் கண் கூசும் இல்லையா? பிரேக் லைட்டும் பின் லைட்டும் அவர்களுக்குத்தான் முதல் கவலை.

நிழல் உங்கள் உயரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருந்தால் சூரியன் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். தோராயமாகக் காலை 8 மணி வரைக்கும், மாலை நாலரைக்கு மேலும் அப்படி இருக்கும். பள்ளிக்கூடம் போகிற நேரம், பீடி சுற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற நேரம், வயலிலிருந்து டிராக்டர் ரோட்டில் ஏறுகிற நேரம் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன.

வண்டியை அறிந்துகொள்வது

சரி, இனி வண்டிக்கு வருவோம். முதல் வேலை, உங்கள் வண்டி எந்த வகை என்று பார்ப்பது.

வலது பக்க சுவிட்சில் லைட்டை அணைக்கும் வசதி இல்லையென்றால் அது தானாக எரியும் வகை. என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு முன்னால் போய் நின்று பாருங்கள். எரிகிறதா? பெரிய லைட் எரிகிறதா, வெறும் பார்க்கிங் லைட்டா? பார்க்கிங் லைட் நம்மூர் வெயிலில் பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியாது. சில புது வண்டிகளில் பகலுக்கென்றே தனி எல்.இ.டி. பட்டை இருக்கும், அது போதிய வெளிச்சத்தோடு வடிவமைக்கப்பட்டது, கவலையில்லை. மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை பாருங்கள். சத்தம் இல்லாத வண்டிக்கு லைட்டை விட்டால் வேறு அறிவிப்பு கிடையாது.

தானாக எரியும் வண்டியில் வெளியே தனி சுவிட்ச் வைத்து அணைத்து வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். மெக்கானிக்கிடம் சொல்லி அதைக் கழற்றிப் பழையபடி ஒயரிங் செய்துவிடுங்கள்.

பழைய வண்டி என்றால் ஒரு சின்னச் சோதனை. என்ஜின் ஓடாமல், சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரிந்தால் லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. எரியாமல், ஸ்டார்ட் செய்த பிறகு எரிந்து, ஆக்சிலேட்டர் திருகத் திருக வெளிச்சம் கூடினால், என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் மேக்னெட் காயிலிலிருந்து நேராக வருகிறது. இந்த இரண்டாவது வகைக்காரர்கள் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்; லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை.

பேட்டரி வகை என்றாலும் சார்ஜிங் சரியாக இருக்கும் வண்டியில் 35 வாட் பல்பு ஒரு பாரமில்லை. சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். லைட்டைப் போட்டு, ஓட்டும்போது இருக்கும் அளவுக்கு என்ஜினை உயர்த்தினால் 13.5-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் காயிலையோ, அதிலிருந்து வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் ஆர்.ஆர். யூனிட்டையோ பார்க்க வேண்டும். அந்தக் கோளாறு லைட் போட்டாலும் போடாவிட்டாலும் ஒருநாள் உங்களை நடுரோட்டில் நிறுத்தத்தான் போகிறது.

பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்ற பயமும் உண்டு. நம்மூரில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் லைட் போட்டாலும் போடாவிட்டாலும் மேக்னெட் மின்சாரம் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும், மிஞ்சுவதை ஆர்.ஆர். யூனிட் வெப்பமாக வெளியே விடுகிறது. அதைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். லைட்டுக்குப் போவது பெரும்பாலும் அப்படி வீணாகப் போகிற மின்சாரம்தான்.

பல்பு

பெரும்பாலான 100, 125, 150 சி.சி. வண்டிகளில் இருப்பது எச்.எஸ்.1 வகை, 12 வோல்ட், 35/35 வாட் ஹாலஜன் பல்பு. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள். பகலெல்லாம் எரிவதால் டிம் இழைதான் முதலில் போகும். அது போனது தெரியாமல், அல்லது தெரிந்தும் மாற்றச் சோம்பல்பட்டு, பிரைட்டிலேயே ஓட்டுபவர்கள் நிறைய. வண்டியில் ஒரு பல்பு உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். துணியில் சுற்றி டூல்ஸ் பையில் போட்டால் போதும்.

மாற்றும்போது என்ஜினை அணைத்து, பல்பு ஆறும் வரை காத்திருங்கள். டூமை, அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூட்டை, முன்னால் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பெரும்பாலான வண்டிகளில் டூம் வெளியே வந்துவிடும். பின்னால் ஒயரைப் பல்போடு இணைக்கும் கப்ளரை நேராக இழுங்கள்; ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிப் பூட்டை விலக்கினால் பல்பு கையில் வரும். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை சூட்டில் ஒரே இடத்தில் காய்ந்து பல்பைச் சீக்கிரம் உடைத்துவிடும். தகரப் பகுதியைப் பிடித்துப் போடுங்கள். கப்ளர் கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய கப்ளரில் எத்தனை பல்பு போட்டாலும் மங்கலாகத்தான் எரியும்.

35 வாட்டுக்குப் பதிலாகக் கடைக்காரர் தரும் 90 வாட், 100 வாட் பல்பை வாங்காதீர்கள். காயில் தாங்காது, ஒயர் சூடாகும், பிளாஸ்டிக் டூம் உருகும். ஹாலஜனுக்காகச் செய்த டூமில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் அதே அளவு தவறு. டூமுக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு, இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்துக்காக வளைக்கப்பட்டது. எல்.இ.டி.யில் வெளிச்சம் வேறு இடத்திலிருந்து வரும். அது நாலு பக்கமும் சிதறி, எதிரே வருபவர் கண்ணில் ஊசி மாதிரி குத்தும். கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அவரைக் குருடாக்கினால், அவர் நம் மேலேயே வந்து ஏறுவார். கம்பெனியிலேயே எல்.இ.டி.யாக வந்த டூம் வேறு விஷயம். அதற்கென்றே வடிவமைத்தது அது.

தூக்கி அடிக்கும் லைட்டைச் சரிசெய்வது

வானத்தைப் பார்த்து அடிக்கும் ஹெட்லைட்டும், முன் சக்கரத்தையே பார்த்து அடிக்கும் ஹெட்லைட்டும் நம் ரோட்டில் சமமாக உண்டு. முதலாவது மற்றவர்களுக்குத் தொல்லை. இரண்டாவது பகலில் யாருக்கும் தெரியாது. வீட்டிலேயே பதினைந்து நிமிடத்தில் இதைச் சரிசெய்யலாம்.

பொழுது சாயும் நேரத்தில் சமதளத்தில், சுவரைப் பார்த்தபடி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். டூமிலிருந்து சுவருக்கு 5 மீட்டர். வழக்கமாக ஓட்டுபவர் வண்டியில் உட்கார்ந்து நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பின்னால் எப்போதும் ஆள் உட்காருவார்கள் என்றால் அவரும் உட்கார வேண்டும். டூமின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். டூமுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் போல்ட் இருக்கும். அதைத் தளர்த்தி ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள்.

பின்னால் நெல் மூட்டையோ, வாழைத்தாரோ, மூன்று பேரோ ஏறினால் பின்பக்கம் அமுங்கி லைட் மேலே போகும். தினமும் பாரம் ஏற்றுபவர்கள் பாரத்தோடு வைத்தே சரிசெய்துகொள்ள வேண்டும்.

துடைப்பது

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஒரு ஈரத்துணி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் செம்மண் படியும். மழைக்காலத்தில் ஈசல் ஒட்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் பூத்துப்போகும். மஞ்சள், நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். ஹேண்டில்பாரில் காய்கறிப் பையைத் தொங்கவிட்டால் அது லைட்டை மறைக்கிறதா என்று ஒருமுறை முன்னால் வந்து பாருங்கள். மழைக்கோட்டின் நுனியும் அப்படித்தான் வந்து மூடும்.

டிம்மா, பிரைட்டா?

டிம். சரியாக அடித்து வைத்த டிம் லைட் பகலில் கண்ணில் படப் போதுமானது. உச்சி வெயிலில் பிரைட் போட்டால் இன்னும் தூரத்தில் தெரியுமே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், தெரியும். ஆனால் கண் கூசும் ஒற்றை வெளிச்சத்தை வைத்து நீங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்று எதிராளியால் கணக்குப் போட முடியாது. பக்கத்திலேயே எரியும் உங்கள் இன்டிகேட்டரும் அதில் மூழ்கிவிடும். மதியம் போட்ட பிரைட்டை மாலையில் இறக்க மறந்துவிடுவதும் நடக்கிறது.

பிரைட்டை ஒரு நொடி மட்டும் அடித்துக் காட்டும் பாஸ் சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மூரில் லைட்டை அடித்துக் காட்டினால் "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். வெளியூர்க்காரர் சிலர் அதையே "நீ போ" என்று எடுத்துக்கொள்வார்கள். என்.எச். 44-ல் கன்னியாகுமரிக்குப் போகும் வெளிமாநில வண்டிகள் எத்தனை என்று பார்த்தால் இது புரியும். லைட்டை அடித்துவிட்டோம், அவர் நின்றுவிடுவார் என்று நம்பி ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள். ஹார்ன் அடியுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

நாலு இன்டிகேட்டரையும் ஒன்றாக எரியவிட்டு மழையில் ஓட்டுவதும், சந்திப்பில் நேராகப் போக அதைப் போடுவதும் வேண்டாம். பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒரு பக்க இன்டிகேட்டர் மட்டும்தான் தெரியும். நீங்கள் அவர் பக்கம் திரும்பப் போவதாக நினைப்பார். அதேபோலத் திரும்பிய பிறகு அணைக்க மறந்த இன்டிகேட்டர், நல்ல ஹெட்லைட்டின் பலன் முழுவதையும் கெடுத்துவிடும்.

ரோட்டில், விலக்குக்கு விலக்கு

லைட் எரிகிறது. இனி எங்கே கவனம்?

விலக்குகளில்தான் உயிர் போகிறது. பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் ஒவ்வொரு விலக்கையும் யாரோ குறுக்கே திரும்பப் போகும் இடமாகவே நினைத்து அணுகுங்கள். நூறு மீட்டர் முன்பே ஆக்சிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கிலும் விரலை வைத்துக்கொள்ளுங்கள். எதிரே திரும்பக் காத்திருக்கும் வண்டியில் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காதீர்கள். நான் அப்படிப் பார்த்து ஏமாந்தவன். முன் சக்கரத்தைப் பாருங்கள். வண்டி நகரப்போவதைச் சக்கரம்தான் முதலில் காட்டும். அந்த நேரத்தில், பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, உங்கள் பாதைக்குள்ளேயே லேசாக இடம் வலமாக நகருங்கள். ஒரே நேர்கோட்டில் நெருங்கும் பொருள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பக்கவாட்டில் நகரும் வெளிச்சம் உடனே கண்ணை இழுக்கும்.

வேகத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில், நல்ல டயரும் பிரேக்கும் உள்ள வண்டி, ஓட்டுபவர் ஒரு நொடியில் சுதாரித்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க சுமார் 20 மீட்டர் வேண்டும். 60-ல் சுமார் 38 மீட்டர். 80-ல் சுமார் 60 மீட்டர். நான் ஆட்டோவுக்கு முன் விழுந்தபோது என்னிடம் இருந்தது 12 மீட்டர்.

நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி பக்கம் ஆபத்து வேறு மாதிரி. நடுத்திட்டு இடைவெளியில் திரும்பும் வண்டிகளும், அரை கிலோமீட்டர் சுற்ற மனமில்லாமல் எதிர்த் திசையில் ஓரமாக வரும் பைக்குகளும். உங்கள் லைட் அவர்களுக்கு உங்களைக் காட்டும். அவர்களிடம் லைட் இல்லையென்றால் உங்களுக்கு அவர்களைத் தெரியாது. இடது ஓரத்தைக் கண்ணால் துழாவிக்கொண்டே போங்கள். ஆனி, ஆடிக் காற்றில் காவல்கிணறு பக்கம் தூசி கிளம்பும்போதும், குற்றால சீசனில் தென்காசி ரோட்டில் வெயிலும் சாரலும் சேர்ந்து அடிக்கும்போதும் டிம் லைட் பட்டப்பகலிலேயே இரவு மாதிரி உதவும். சாரல் துளி ஒட்டிய கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால், லைட் இல்லாத பைக் ஒரு கறைதான்.

பஸ், லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகும்போது ஹெட்லைட் எதற்கும் உதவாது. அவருடைய பக்கக் கண்ணாடியில் உங்களுக்கு அவர் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. முந்தும்போது இடது பக்கமாக நுழையாதீர்கள்.

லைட் செய்யாத வேலை

ஹெட்லைட் முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் பேசும். பக்கவாட்டில் சந்திலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும். பின்னால் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. வெள்ளை அல்லது பளிச்சென்ற நிற ஹெல்மெட் மூன்று பக்கமும் தெரியும். பால் கேன், புல்லுக்கட்டு, வாழையிலைக் கட்டு ஏற்றுபவர்கள் பின் லைட் மறையாமல் கட்டுங்கள். மறையத்தான் செய்யும் என்றால் கேனிலேயே ஒளிரும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

கூடுதலாக இரண்டு சின்ன லைட் போட விரும்புபவர்களுக்கு ஒரு யோசனை. ஹெட்லைட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் தாழ்வாக, ரோட்டைப் பார்த்து வைத்தால் மூன்றும் சேர்ந்து முக்கோணமாகத் தெரியும். நெருங்க நெருங்க முக்கோணம் விரிவதை வைத்து எதிராளியால் உங்கள் வேகத்தைக் கணிக்க முடியும். மினுக்மினுக்கென்று விட்டு விட்டு எரியும் லைட்டில் அது முடியாது. அதை வாங்காதீர்கள்.

தினமும் அரை நிமிடம்

ஸ்டார்ட் செய்ததும் இடது கையை டூமுக்கு முன்னால் நீட்டினால் உள்ளங்கையில் வெளிச்சம் விழும். டிம், பிரைட், மறுபடி டிம். இரண்டு இன்டிகேட்டர். வண்டியின் பின்பக்கம் ஒரு சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி பிரேக்கைப் பிடித்தால் சுவர் சிவக்க வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

காலையில் பார்க்க மறந்துவிட்டால் சிக்னலில் பார்க்கலாம். முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்திலோ, பஸ்ஸின் பின் கண்ணாடியிலோ உங்கள் லைட்டின் பிம்பம் தெரியும். கொக்கிரகுளத்தில் நேற்று நின்றபோது என் லைட்டைத் தேடினேன். பஸ் கண்ணாடியில் இரண்டு வெளிச்சம் தெரிந்தது. மூன்று பைக் நின்றிருந்தோம். லைட் இல்லாமல் நின்ற தம்பியிடம் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டி, "தம்பி, லைட்டு எரியல" என்றேன். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனான்.